நீல ஹெல்மெட் இன்னும் காயலை

தம்பி: ...அதைத்தான்கா நானும் கேட்கிறேன். ஒரு ஹெல்மெட்டுக்கு அடிச்ச பெயிண்ட் காய எத்தனை நாளாகும்? வீட்டுச் சுவரே ரெண்டு நாள்ல காஞ்சிடுது.

அக்கா: சுவரையா தலையில கவுத்துக்கிட்டுப் போறே? இது பிளாஸ்டிக்டா. மேலே தொட்டா காஞ்ச மாதிரிதான் இருக்கும். உள்ளே பச்சையா இருக்கும்.

தம்பி: அதோ ஆணியில தொங்குது, நீலக் கலர்ல, பளபளன்னு. எடுத்துக் கொடு. பாக்கி ஈரத்தை நான் போற வழியில காய வெச்சுக்கிறேன். மலை பூரா காத்துதான்.

அக்கா: கையை எடு! வெறுங்கையால தொடாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?

தம்பி: பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி தொடக்கூடாதுன்னே. விரல்ல எண்ணெய்ப் பசை இருக்கும், பெயிண்ட் ஒட்டாதுன்னே. சரின்னுட்டேன். இப்ப அடிச்சதுக்கு அப்புறமும் தொடக்கூடாதுங்கறே. எப்பத்தான்கா தொடறது? கல்யாணத்துக்கு அப்புறமா?

அக்கா: வாயைப் பாரு வாயை! ஒரு பொண்ணோட அப்பா முன்னாடி போய் உட்காரப் போறவன் பேசற பேச்சா இது?

தம்பி: அவர்கிட்ட நல்லபடியாத்தான் பேசுவேன். ஹெல்மெட் இருந்தா. அவரு டிரைவிங் ஸ்கூல் வாத்தியாருக்கா. வெறுந்தலையோட போய் இறங்கினா வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாரு.

அக்கா: அப்ப பஸ்ல போயேன்.

தம்பி: பஸ்ஸா? 'பைக்லயே வாங்க தம்பி, மலை ரோட்டுல வண்டி எப்படி ஓட்டறீங்கன்னு நான் பார்க்கணும்'னு அந்த மனுஷன் வாயாலேயே சொல்லியிருக்காரு. கடைசி வளைவுல நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாராம்.

அக்கா: அவரு பொண்ணு கொடுக்கப் போறாரா, லைசென்ஸ் கொடுக்கப் போறாரா?

தம்பி: முதல்ல லைசென்ஸ், அப்புறம் பொண்ணு. எடு, நேரமாகுது.

அக்கா: வளைவு ஜாஸ்தியாடா அந்த ரோட்டுல?

தம்பி: வளைவு இல்லாத மலை எங்கேயாவது இருக்கா?

அக்கா: லாரியெல்லாம் வருமா?

தம்பி: வரும். நானும் அவனும் கை குலுக்கிட்டுத்தான் போவோம். உனக்கு என்னக்கா ஆச்சு இன்னைக்கு?

அக்கா: ஒண்ணும் ஆகலை. மாமாவோட ஹெல்மெட்டைப் போட்டுக்கிட்டுப் போ. நல்ல கெட்டி.

தம்பி: அந்த அண்டாவா? அதைப் போட்டுக்கிட்டுத் திரும்பினா என் தலை திரும்பும், ஹெல்மெட் திரும்பாது.

அக்கா: அப்ப பெயிண்ட் அடிக்க வந்து அந்த வரிசையில இருக்கறதுல ஒண்ணை எடுத்துக்கோ. சாயந்தரம் கொண்டாந்து கொடுத்துடு. கஸ்டமர் நாளைக்குத்தான் வருவாரு.

தம்பி: எது, மண்டை ஓடு வரைஞ்சதா? இல்லை அந்த ரோஸ் கலர் பூப்போட்டதா? ஏற்கெனவே மாப்பிள்ளை லட்சணம் எனக்குக் கொஞ்சம் கம்மி. அதுல இது வேறயா? என்னோடதை எடுக்கா. ஆமா, பின்பக்கம் இருந்த ஸ்டிக்கர் முழுசாப் போயிடுச்சுல்ல?

அக்கா: எந்த ஸ்டிக்கர்?

தம்பி: தெரியாத மாதிரி கேட்காதே.

அக்கா: ஓ... அந்த மகராசி பேரா?

தம்பி: மெதுவா பேசு. ரோட்டுல ஆள் போகுது.

அக்கா: அன்னைக்கு மட்டும் ஆள் போகலையாக்கும்? அவ இன்னொருத்தன் வண்டியில பின்னாடி உட்கார்ந்து போனா. நீ அவ பேரைப் பின்மண்டையில ஒட்டிக்கிட்டு ஊர் ஊராப் போனே. கேட்டா காதல்!

தம்பி: போயிடுச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லேன்.

அக்கா: போச்சு.

தம்பி: எப்படிக்கா? நான் நகத்தால சுரண்டிப் பார்த்தேன், சில்லறைக் காசால சுரண்டிப் பார்த்தேன். வெயில்ல கிடந்து கிடந்து பசை கல்லாயிடுச்சு. ஒரு எழுத்துகூட அசையலையே.

அக்கா: அதுக்கெல்லாம் ஒரு முறை இருக்கு.

தம்பி: என்ன முறை?

அக்கா: உனக்குத்தான் தெரியுமே.

தம்பி: அதிசயமா இருக்கே! கடைக்கு யார் வந்தாலும், தண்ணி கொடுக்கிறியோ இல்லையோ, இந்தப் புராணத்தைப் பாடாம விடமாட்டே. சரி, நான் பாடறேன். முதல்ல வெந்நீர்ல நனைச்ச துணி. பசை ஊறிக் கனியற வரைக்கும் பொறுமை. அப்புறம் சோப்புத் தண்ணி. காய வெச்சு, மெல்லிசான உப்புத்தாளால பளபளப்பு மட்டும் போற அளவுக்கு ஒரு தேய்ப்பு. அப்புறம் வெள்ளைத் துணியில ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரே பக்கமா இழுக்கணும். அது ஆவியாறதுக்குள்ள இன்னொரு கையில இருக்கிற காஞ்ச துணியால ஒத்தி எடுக்கணும். ஒரே துணியால துடைச்சா...

அக்கா: அழுக்கு இடம் மாறும், போகாது.

தம்பி: பார்த்தியா, தானா வருது! கடைசியில தண்ணி தெளிச்சுப் பார்க்கணும். முத்து முத்தா உருண்டா இன்னும் பசை இருக்கு. விரிஞ்சு பரவினா சுத்தம். என்ன, இத்தனையும் பண்ணினியா?

அக்கா: பண்ணினேன்னு வெச்சுக்கோயேன்.

தம்பி: வெச்சுக்கவா?

அக்கா: பண்ணினேன்டா! பெரிய வக்கீலாட்டம் குறுக்கு விசாரணை பண்றான்.

மாமா: யாரு, மச்சானா? காலங்காத்தால கடையில சத்தம் கேட்குதேன்னு, கஸ்டமர்னு நினைச்சு நான் சட்டையெல்லாம் மாத்திக்கிட்டு ஓடி வர்றேன்.

தம்பி: வாங்க மாமா, நீங்களாவது ஒரு நியாயம் சொல்லுங்க. அக்கா ஹெல்மெட்டைத் தர மாட்டேங்கறா. காயலையாம். நீங்கதானே பெயிண்ட் அடிச்சீங்க? காஞ்சுதா, காயலையா?

மாமா: எது... அந்த நீலமா?

தம்பி: பின்னே, வானமா?

மாமா: அது வந்து... உங்க அக்கா என்ன சொன்னா?

தம்பி: காயலைங்கறா.

மாமா: அப்ப காயலை.

தம்பி: மாமா!

மாமா: காயலைன்னா காயலைதான்யா. துடைக்கிறது அவ, அடிக்கிறது நான். ரெண்டு பேரும் சொல்றோமில்ல?

அக்கா: பார்த்தியா, அவரே சொல்லிட்டாரு!

தம்பி: இரு இரு இரு. இந்த வீட்டுல அக்கா விடிஞ்சுடுச்சுன்னா, நீங்க இன்னும் இருட்டுன்னு சொல்ற ஆளு. காபிக்குச் சர்க்கரை போதும்னு அவ சொன்னா, வேணும்னே இன்னும் ஒரு ஸ்பூன் போட்டுக் குடிக்கிற ஆளு. இன்னைக்கு என்ன ஒத்து ஊதறீங்க?

மாமா: வயசாகுதில்ல மச்சான். புத்தி வருது.

அக்கா: இப்பவாவது வந்துதே.

மாமா: தவிர, அதுல... தூசி ஒண்ணு விழுந்திருக்கு. இன்னொரு கோட்டு அடிக்கணும். அடுத்த வாரம் வந்து வாங்கிக்கோ.

அக்கா: ஆமா, தூசி. நல்லாப் பெரிய தூசி.

தம்பி: எங்கே விழுந்திருக்கு?

மாமா: பின்பக்கம்.

அக்கா: பக்கவாட்டுல.

தம்பி: பின்பக்கமா, பக்கவாட்டா?

மாமா: தூசிதானே. நடந்து போயிருக்கும்.

தம்பி: ரெண்டு பேரும் சேர்ந்து என் காதுல பூ சுத்தறீங்க. மாமா, உண்மையைச் சொல்லுங்க. பெயிண்டைக் கரைக்கிற தின்னரைப் போட்டுட்டீங்களா?

மாமா: யாரு, நானா?

அக்கா: இப்ப எதுக்குடா தின்னர் பேச்சு?

தம்பி: இல்லை, மாமாவுக்கும் தின்னருக்கும் பழைய உறவு இருக்கே. வாசல்ல கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கியே, அந்த ஹெல்மெட் கண்ணாடி. பால்ல முக்கி எடுத்த மாதிரி வெளுத்துப்போய்... யாராவது அது என்னன்னு கேட்டா போதும், வேலையைப் போட்டுட்டு ஓடி வந்து, 'இவரு தின்னர் போட்டுத் துடைச்ச கண்ணாடி, இவரு கைவண்ணம்'னு காட்டுவியே.

அக்கா: மறந்துடக் கூடாதேன்னு மாட்டினேன்.

மாமா: மறக்க விட்டாத்தானே? வருஷக்கணக்கா அதுக்குக் கீழேதான் குனிஞ்சு கடைக்குள்ள வர்றேன். பெத்த அம்மா படத்தைக்கூட நான் அத்தனை வாட்டி பார்த்ததில்லை.

தம்பி: கண்ணாடி வெளுத்தது கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஹெல்மெட் ஓட்டுல தின்னரைப் போட்டா என்ன மாமா ஆகும்?

மாமா: கண்ணுக்குச் சரியாத் தெரியாது. அதான் ஆபத்து. தின்னர் பட்டதும் இந்த பிளாஸ்டிக் முடி முடியா விரிசல் விட்டுடும். அது மேல பெயிண்டை அடிச்சிட்டா புதுசு மாதிரி நிக்கும். போட்டுக்கிட்டு விழற அன்னைக்குத்தான் தெரியும்... முட்டை ஓடு.

அக்கா: போதுமே! வெளியே கிளம்பறவன்கிட்ட விழறதைப் பத்தி என்ன பேச்சு?

தம்பி: உனக்கு ஏன்கா இப்படி வேர்க்குது?

அக்கா: அடுப்புகிட்ட நின்னுட்டு வந்தேன்.

தம்பி: நான் வந்ததுலேருந்து நீ கடையிலதானே நிக்கறே?

மாமா: பொம்பளைங்க வேர்வைக்கெல்லாம் கணக்கு கேட்காதே மச்சான். கல்யாணம் பண்ணிக்கப் போறவன், இப்பவே கத்துக்கோ. வா, என் வண்டியில பின்னாடி உட்கார்ந்துக்கோ, நானே கொண்டு விடறேன்.

தம்பி: நல்லா இருக்கு! நான் வண்டி ஓட்டறதைப் பார்க்க அவரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்காரு. நான் உங்க முதுகைக் கட்டிக்கிட்டுப் போய் இறங்கவா? இருங்க, போன்... அவதான். ஹலோ. ஆங், கிளம்பிட்டேன்மா, பாதி வழி வந்துட்டேன். சத்தமா? டிராஃபிக்தான்...

அக்கா: புளுகறதைப் பாரு!

தம்பி: ...அது ஒண்ணுமில்லை, பக்கத்துல ஒரு லாரி ஹார்ன். சரி சரி, வெச்சிடறேன்.

அக்கா: யாருடா லாரி?

தம்பி: அக்கா, கும்பிட்டுக் கேட்டுக்கறேன். ஈரமா இருந்தா இருக்கட்டும், தூசியா இருந்தா இருக்கட்டும். இதோ எடுத்தாச்சு. மாட்டியாச்சு. அடடா, என்னமா உட்காருது தலையில!

அக்கா: கழட்டுடா.

தம்பி: அவங்க வீட்டுல போய்க் கழட்டறேன். நகரு, வண்டியை எடுக்கணும்.

அக்கா: நகர மாட்டேன். என்னை ஏத்திட்டுப் போ.

மாமா: மச்சான், சொன்னாக் கேளு. அதை மட்டும் போட்டுக்கிட்டு...

தம்பி: போயிட்டு வந்து கேட்கறேன் மாமா. ஸ்டார்ட் பண்ணியாச்சு. வழி விடுக்கா!

அக்கா: கழட்டுடா பாவி! அதைத் தின்னர் போட்டுத் துடைச்சிருக்கேன்டா! நான்தான்! கழட்டித் தொலை!

தம்பி: என்ன சொன்னே?

அக்கா: கேட்கலையா? அதுக்குள்ள தலையை விட்டுக்கிட்டா எங்கே கேட்கும்? கழட்டு முதல்ல!

தம்பி: கழட்டிட்டேன், கழட்டிட்டேன். மாமா, நீங்க எதுக்கு வண்டிச் சாவியைப் பிடுங்கினீங்க?

மாமா: சும்மாத்தான்... கை போச்சு.

தம்பி: அக்கா, நீயா? தின்னரா? டப்பா மேல 'ஸ்பிரே கன் கழுவ மட்டும், மீறினால் சோறு கிடையாது'ன்னு எழுதி ஒட்டினவ நீதானே?

அக்கா: நான்தான். எழுதினவளும் நான்தான், மீறினவளும் நான்தான். வெந்நீர்த் துணி போட்டேன், ஊறலை. மறுபடி போட்டேன். எல்லா எழுத்தும் போச்சு, முதல் எழுத்து மட்டும் போகலை. தேய்க்கத் தேய்க்க அது என்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருந்துதுடா. அவளால நீ மாசக்கணக்கா சோறு தண்ணி இல்லாம சுவரைப் பார்த்துக்கிட்டுக் கிடந்தியே, அதெல்லாம் ஞாபகம் வந்துது. ஆத்திரத்துல அந்த டப்பாவைத் திறந்துட்டேன். துணியில தொட்டு ஒரே இழுப்பு. போயிடுச்சு.

தம்பி: எழுத்தா?

அக்கா: எழுத்து, மானம், எல்லாம். காஞ்சதும் லேசா வெள்ளை பூத்துது. ஓடு கெட்டுடுச்சுன்னு தெரிஞ்சுபோச்சு.

தம்பி: அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!

அக்கா: எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது? இந்த மனுஷனை அந்தக் கண்ணாடியைக் காட்டிக் காட்டியே வருஷக்கணக்கா குத்திக்கிட்டிருக்கேன். நைசா இதை ஒளிச்சுட்டு உனக்கு வேற ஒண்ணு வாங்கித் தந்துடலாம்னு பார்த்தேன். நான் கடைத்தெருவுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள இவரு ப்ரைமர் அடிச்சு, நீலம் அடிச்சு, ஆணியில மாட்டி வெச்சுட்டாரு. என்னைக்கும் இல்லாத சுறுசுறுப்பு. நீயும் இன்னைக்கே வந்து நிக்கறே.

தம்பி: பார்க்க நல்லாத்தானே இருக்கு? ஒருவேளை ஒண்ணும் ஆகலையோ என்னவோ. இந்தப் படிக்கல்லுல ஒரு தட்டு தட்டிப் பார்க்கறேன்.

மாமா: வேணாம் மச்சான்.

தம்பி: மெதுவாத்தான் மாமா. இதோ...

அக்கா: ஐயோ!

தம்பி: நான் மெதுவாத்தான்கா தட்டினேன். சத்தியமா!

அக்கா: பாரு, ஒரு சாண் நீளத்துக்கு வாயைப் பிளந்துடுச்சு. இதுக்குள்ள உன் தலை... மலை ரோட்டுல... லாரிக்காரன்கூடக் கை குலுக்கப் போறானாம்... என் வறட்டுக் கௌரவத்துக்கு உன்னைத் தூக்கிக் கொடுத்திருப்பேனேடா!

தம்பி: அழாதேக்கா. தலை இன்னும் என்கிட்டதான் இருக்கு. உள்ளே ஒண்ணும் இல்லைன்னு நீதானே சொல்வே, அப்புறம் எதுக்கு இத்தனை அழுகை? மாமா, நீங்க என்ன பிள்ளையார் மாதிரி நிக்கறீங்க? உங்களுக்கு இன்னைக்குத்தான் பொழுது விடிஞ்சிருக்கு! வாங்க, வஞ்சனையில்லாம ரெண்டு வார்த்தை கேட்டுடுங்க.

அக்கா: கேட்கட்டும். எனக்கு நல்லா வேணும். அந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டு இதைத் தொங்கவிடுங்க. கயிறு நானே எடுத்துத் தர்றேன்.

மாமா: வேணாம்.

அக்கா: ஏன், இரக்கமா? நீங்க திட்டினாக்கூடத் தாங்கிடுவேன். இரக்கப்பட்டீங்கன்னா எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

மாமா: இரக்கமும் இல்லை, ஒண்ணும் இல்லை. உன் பேரைச் சொல்லி அதைத் தொங்கவிட முடியாது.

தம்பி: ஏன் மாமா?

மாமா: அது அவ துடைச்சது இல்லை.

அக்கா: என்னங்க உளர்றீங்க?

மாமா: நீ துடைச்சதை ப்ரைமர் அடிக்கத்தான் எடுத்தேன். வெளிச்சத்துல திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் வெள்ளை பூத்து, முடி முடியா... எனக்கா தெரியாது? அந்த விஷயத்துல என்னைவிடப் பட்டவன் யாரு? பார்த்ததும் புரிஞ்சுபோச்சு.

அக்கா: புரிஞ்சும் என்னை ஒரு வார்த்தை கேட்கலையா?

மாமா: கேட்கத்தான் வந்தேன். நறுக்குன்னு நாலு வார்த்தை யோசிச்சு, ரெண்டு வாட்டி சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்தேன். நீ உள்ளே தட்டுல சோத்தைப் போட்டு வெச்சுக்கிட்டு, சாப்பிடாம உட்கார்ந்திருந்தே. அப்படியே திரும்பிப் போயிட்டேன்.

தம்பி: மாமா... நீங்களா?

மாமா: உங்க அக்கா கடைத்தெருவுக்குப் போனதும் அந்தப் பழைய ஓட்டை நொறுக்கிச் சாக்குல கட்டிக் குப்பையில போட்டுட்டேன். அதே கம்பெனி, அதே அளவுல புதுசு ஒண்ணு வாங்கிட்டு வந்தேன். உங்க அக்கா கண்டுபிடிச்சிடக் கூடாதேன்னு, உள்ளே இருக்கிற பஞ்சு, தாடைப் பட்டை எல்லாத்தையும் பழசுலேருந்து கழட்டி இதுல மாட்டினேன்.

அக்கா: எனக்காகவா? இத்தனை வருஷமா உங்களை நான் பேசாத பேச்சில்லையே... இந்தக் கல்லுக்குள்ள இவ்வளவு ஈரமா!

தம்பி: இப்ப ரெண்டு பேரும் சேர்ந்து அழுதீங்கன்னா நான் நடந்தே மலைக்குப் போயிடுவேன். இருங்க, எனக்கு ஒண்ணு புரியலை. அப்ப இது புது ஹெல்மெட்டு. அக்கா கையே படாதது.

மாமா: படாதது.

அக்கா: அப்ப புது ஓடு ஏங்க பிளந்துது?

மாமா: புதுசுலயும் பின்னாடி ஒரு ஸ்டிக்கர் இருந்துதும்மா. கம்பெனி ஸ்டிக்கர்.

அக்கா: சரி.

மாமா: கடைத்தெருவுலேருந்து நீ வர்றதுக்குள்ள அதை எடுத்தாகணும். வெந்நீர் வெச்சா ஊற நேரமாகும். நீ பார்த்தா எதுக்குன்னு கேட்பே.

அக்கா: அதனால?

மாமா: அடிச்சு முடிச்சதுலேருந்து எனக்கும் தூக்கம் இல்லை. அதான் இவன் வந்ததும் காயலைன்னு நானும்...

அக்கா: என் கண்ணைப் பார்த்துச் சொல்லுங்க. எதைப் போட்டுத் துடைச்சீங்க?

மாமா: நீ எதைப் போட்டுத் துடைச்சியோ, அதையேதான்.